எல்இடி மாஸ்க்: ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம், வாரத்துக்கு எத்தனை நாள்?

கேள்வி இது: "சிவப்பு, நீலம், அகச்சிவப்பு மூன்றும் உள்ள எல்இடி மாஸ்க் ஒன்று வாங்கியிருக்கிறேன். பெட்டியில் 10 நிமிடம், வாரத்துக்கு 3 முதல் 5 தடவை என்று போட்டிருக்கிறது. என் தோழி இதே மாஸ்க்கைத் தினமும் அரை மணி நேரம் போடுகிறாள். நானும் அப்படிப் போட்டால் பலன் சீக்கிரம் தெரியுமா? எத்தனை நாளில் தெரியும்? நான் மாநிறம், கன்னத்தில் லேசாக மங்கு இருக்கிறது, அவ்வப்போது பருவும் வரும். போடலாமா?"

எல்இடி மாஸ்க் என்பது உள்பக்கம் சிறு விளக்குகள் பதித்த, முகத்தில் அணியும் ஒளி முகமூடி. முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். தோல் சுருக்கம், தொய்வு, பொலிவு இதற்காக என்றால் சிவப்பும் அகச்சிவப்பும் போதும். பெட்டியில் போட்டிருக்கும் அதே 10 நிமிடம், வாரத்துக்கு 3 முதல் 5 நாள், குறைந்தது 8 வாரம், முடிந்தால் 12 வாரம். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போட்டாலே போதும். பருவுக்கு நீலம் பயன்படுத்துபவர்கள் ஏறக்குறைய தினமும் போட வேண்டியிருக்கும். ஆனால் உங்களுக்கு மங்கு இருப்பதால் நீலம் வேண்டாம். தினமும் அரை மணி நேரம் போட்டால் பலன் சீக்கிரம் வராது. இவ்வளவு தெரிந்தால் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்பினால் தொடர்ந்து படியுங்கள், ஏனென்றால் காரணம் புரிந்தவர்கள்தான் மூன்றாவது வாரத்தில் பொறுமை இழந்து நேரத்தைக் கூட்டாமல் இருக்கிறார்கள்.

ஒரு மாஸ்க் 3 நிமிடம் போதும் என்கிறது, இன்னொன்று 10 நிமிடம் என்கிறது, கிளினிக்கில் 20 நிமிடம் படுக்க வைக்கிறார்கள். இதைப் பார்க்கும் யாருக்கும் குழப்பம் வரத்தான் செய்யும். தோலுக்கு நிமிடக் கணக்கு தெரியாது என்பதுதான் விஷயம். ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு மொத்தம் எவ்வளவு ஒளி ஆற்றல் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கணக்கு. அதை ஜூலில் அளக்கிறோம். மாஸ்க்கின் ஒளிச் செறிவை மில்லிவாட்டில் எடுத்து, விநாடிகளால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் ஜூல் வந்துவிடும். உங்கள் மாஸ்க் சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடம் என்பது 600 விநாடி. 30 பெருக்கல் 600, அதாவது 18,000. ஆயிரத்தால் வகுத்தால் 18 ஜூல். அதே 10 நிமிடத்தை வெறும் 5 மில்லிவாட் தரும் மாஸ்க்கில் போட்டால் கிடைப்பது 3 ஜூல்தான். இரண்டு பேரும் "நான் 10 நிமிடம் போடுகிறேன்" என்று சொல்வார்கள், ஆனால் ஒருவருடைய தோல் வாங்கிக்கொள்வது மற்றவரைப் போல ஆறு மடங்கு. அதனால் ஒருவருடைய நிமிடக் கணக்கை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் மாஸ்க்கின் கையேட்டில் மில்லிவாட் அளவு எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது.

கிளினிக் கணக்கையும் இதில் போட்டுப் பார்க்கலாம். 2007இல் தென்கொரியாவில் முகச் சுருக்கம் உள்ள 76 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு வெளியானது. முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் ஒளி, மறு பாதிக்கு இல்லை. 633 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு, எந்த நிறம் என்பதை அதுதான் சொல்கிறது) சிவப்பை 105 மில்லிவாட் செறிவிலும், 830 நானோமீட்டர் அகச்சிவப்பை 55 மில்லிவாட் செறிவிலும் கொடுத்தார்கள். ஒரு தடவைக்கு 20 நிமிடம், சிவப்பில் 126 ஜூல், அகச்சிவப்பில் 66 ஜூல். வீட்டு மாஸ்க்குகளோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய அளவு. ஆனால் எத்தனை நாள் தெரியுமா? வாரத்துக்கு இரண்டே தடவை, நான்கு வாரம். அதன் பிறகு மூன்று மாதம் வரை தொடர்ந்து கவனித்தார்கள், சுருக்கமும் தோலின் நெகிழ்ச்சியும் மேம்பட்டிருந்தன.

வீட்டு மாஸ்க்குக்கு நெருக்கமான ஆய்வு வேண்டுமென்றால் பிரான்சில் நடத்தி 2023இல் வெளியான ஒன்றைச் சொல்லலாம். 20 பெண்கள், 630 நானோமீட்டர் சிவப்பு மட்டும், ஒரு தடவைக்கு 12 நிமிடம், கிடைத்தது 15.6 ஜூல், வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று மாதம். மாதாமாதம் அளந்தபோது முன்னேற்றம் படிப்படியாகக் கூடிக்கொண்டே போனது, நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் பலன் நின்றது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாஸ்க் போட்ட குழுவும் அதில் இல்லை, அதனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவையிலேயே அளக்கக்கூடிய மாற்றம் வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வாரத்துக்கு ஏழு நாளும் போட்டே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, அதிகம் போட்டால் ஏன் அதிகப் பலன் இல்லை? சிவப்பும் அகச்சிவப்பும் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் போய் வேலை செய்கின்றன. அங்கே சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி இந்த அலைநீளங்களை உறிஞ்சுகிறது என்பதுதான் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். செல்லின் ஆற்றல் உற்பத்தி கொஞ்சம் கூடுகிறது, கூடவே வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் சிறிதளவு உண்டாகின்றன. அந்தச் சிறிய அளவுதான் "பழுது பார்க்கத் தொடங்கு" என்று செல்லுக்குப் போகும் சமிக்ஞை. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் உற்பத்தி தூண்டப்படுவதும் அந்த வழியில்தான். அளவு கூடும்போது அதே மூலக்கூறுகள் செல்லுக்குச் சுமையாகிவிடுகின்றன. ஆய்வுக்கூடச் சோதனைகளில் இது திரும்பத் திரும்பத் தெரிகிறது: மிகக் குறைந்த அளவில் ஒன்றும் நடப்பதில்லை, நடுவே ஓர் இடத்தில் பலன் உச்சத்துக்குப் போகிறது, அதைத் தாண்டினால் பலன் குறைகிறது, இன்னும் தாண்டினால் எதிர்விளைவு. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான், ஒரு மாதத் தண்ணீரை ஒரே நாளில் ஊற்றினால் செடி ஒரு மாத வளர்ச்சியை ஒரே நாளில் காட்டாது.

இந்தச் சிகிச்சை பிறந்த கதையும் இதையேதான் சொல்கிறது. 1967இல் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முதுகு மழிக்கப்பட்ட எலிகள் மீது ரூபி லேசரைப் பாய்ச்சினார். லேசர் பட்டால் புற்றுநோய் வருமா என்று பார்ப்பதுதான் நோக்கம். புற்றுநோய் வரவில்லை, ஆனால் ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்தது. அவர் கையில் இருந்தது குறைந்த சக்தி லேசர். எரிக்காத, சுடாத, மென்மையான ஒளிக்கு உயிருள்ள திசு பதில் சொல்கிறது என்ற கண்டுபிடிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. எல்இடி மாஸ்க் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

இதைப் படித்துவிட்டு உங்கள் தோழி பயப்பட வேண்டாம். தினமும் அரை மணி நேரம் போட்டதால் அவருக்குப் பெரிய ஆபத்து வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 30 மில்லிவாட் மாஸ்க்கில் அரை மணி நேரம் என்றால் 54 ஜூல். சிவப்பு எல்இடி எந்த அளவு வரை தோல் தாங்கும் என்று பார்க்கவே அமெரிக்காவில் ஆய்வு செய்து 2020இல் வெளியிட்டார்கள். வெள்ளைத் தோல்காரர்களுக்கு 480 ஜூல் வரையும், கறுப்பு, பழுப்பு நிறத் தோல் உள்ளவர்களுக்கு 320 ஜூல் வரையும் தாங்கியது என்பது முடிவு. வீட்டு மாஸ்க் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே தோழியின் 30 நிமிடத்தில் நான் பார்க்கும் குறை வேறு. 20 நிமிடம் வீணாகிறது, கண்ணுக்கு மூன்று மடங்கு வெளிச்சம் போகிறது, தோல் வறண்டு போக வாய்ப்பு கூடுகிறது, இவ்வளவு சிரமப்பட்டதால் சீக்கிரமே சலித்துப் போய் ஆறாவது வாரத்தில் மாஸ்க் அலமாரிக்குப் போய்விடுகிறது. கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான நஷ்டம்.

அந்த 320, 480 வித்தியாசத்தை இன்னொரு தடவை பாருங்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் கூடக் கூட ஒளியை உறிஞ்சுவதும் கூடுகிறது. மாநிறம், கறுப்பு நிறம் உள்ளவர்கள் வெள்ளைத் தோல்காரர் ஒருவர் சொல்லும் அட்டவணையை அப்படியே பின்பற்றக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். நீல ஒளி என்று வரும்போது இது இன்னும் முக்கியமாகிவிடுகிறது, அதற்கு வருகிறேன்.

நீலம், அதாவது 415 நானோமீட்டரை ஒட்டிய ஒளி, வேறு வழியில் வேலை செய்கிறது. பருவை உண்டாக்குவதில் பங்குள்ள பாக்டீரியா தனக்குள்ளேயே பார்ஃபைரின் என்ற பொருளைத் தயாரித்து வைத்திருக்கிறது. நீல ஒளி பட்டதும் அந்தப் பார்ஃபைரின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து அந்த பாக்டீரியாவையே கொல்கிறது. ஆனால் பாக்டீரியா மறுபடி பெருகிவிடும். அதனால்தான் பரு ஆய்வுகளில் ஒளியை அடிக்கடி கொடுக்கிறார்கள். பிரிட்டனில் 2000இல் வெளியான ஆய்வில் 107 பேர் இருந்தார்கள். நீலமும் சிவப்பும் கலந்த ஒளியைத் தினமும் 15 நிமிடம் வாங்கிக்கொண்ட குழுவில் 12 வாரத்தில் சிவந்து வீங்கிய பருக்கள் 76 சதவீதம் குறைந்தன. கொரியாவில் 35 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான வீட்டுக் கருவி ஆய்வில் காலையும் மாலையும் இரண்டரை நிமிடம் மட்டுமே, நான்கு வாரம். 12ஆவது வாரத்தில் பார்த்தபோது சிவந்து வீங்கிய பருக்கள் 77 சதவீதம் குறைந்திருந்தன. ஒன்றில் ஒரு நாளைக்கு 15 நிமிடம், இன்னொன்றில் 5 நிமிடம், பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். கருவி வேறு, அதனால் நிமிடம் வேறு. கொரிய ஆய்வில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: ஒளியை நான்காவது வாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள், முன்னேற்றம் அதற்கப்புறமும் தொடர்ந்தது.

எந்தப் பருவுக்கு என்பதும் முக்கியம். சிவந்து, தொட்டால் வலிக்கும் சிறு பருக்களுக்கு இது உதவும். கரும்புள்ளி, வெண்புள்ளி, தோலுக்கு அடியில் கட்டி கட்டியாக வரும் பெரிய பரு இவற்றுக்கு மாஸ்க் உதவுவது அபூர்வம். கட்டிப் பரு உள்ளவர்கள் மாஸ்க்கை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் தழும்பு விழுகிறது, தழும்பை அப்புறம் சரி செய்வது பெரும்பாடு. அவர்கள் நேராகத் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி உங்கள் மங்கு. நீலத்தைத் தவிர்க்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2014இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், இடைப்பட்ட நிறமுள்ள ஆரோக்கியமான ஆட்களின் தோலில் 415 நானோமீட்டர் நீல ஊதாவையும் 630 நானோமீட்டர் சிவப்பையும் தனித்தனியாகப் பாய்ச்சிப் பார்த்தார்கள். சிவப்பு பட்ட இடம் கறுக்கவில்லை. நீலம் பட்ட இடம் நன்றாகக் கறுத்தது, அந்தக் கறுப்பு மூன்று மாதம் வரை நின்றது. நிறமிச் செல்களில் உள்ள ஆப்சின் 3 என்ற புரதம் நீல ஒளியை உணர்ந்து மெலனின் உற்பத்தியைத் தூண்டுகிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஆய்வில் கொடுத்த அளவு ஒரு தடவை மாஸ்க் போடுவதைவிட அதிகம்தான். ஆனால் மங்கு உள்ள தோல் சாதாரணத் தோல் இல்லை, சின்னத் தூண்டுதலுக்கே கறுக்கத் தயாராக இருப்பது. பரு போன இடத்தில் மாதக்கணக்கில் கறுப்பு நிற்கும் வாகு உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை. உங்கள் மாஸ்க்கில் எல்லா நிறமும் ஒன்றாக எரியும் பொத்தான் இருந்தால் அதையும் அழுத்தாதீர்கள். சிவப்பு மட்டும், அல்லது சிவப்போடு அகச்சிவப்பு. அகச்சிவப்பில் முகம் சூடாவதாக உணர்ந்தால் அதையும் விட்டுவிட்டு சிவப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சூடும் மங்குவைக் கிளறும். நான்கு வாரம் பார்த்து, மங்கு கொஞ்சம் கறுத்தாலும் நிறுத்திவிடுங்கள். பருவுக்கு வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன.

மஞ்சள், பச்சை, ஊதா என்று ஏழு நிறம் வரும் மாஸ்க்குகளும் உண்டு. மஞ்சளுக்குக் கொஞ்சம் ஆய்வு இருக்கிறது. மற்றவற்றை நம்பி நேரம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

எத்தனை நாளில் தெரியும் என்று கேட்டீர்கள். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், வயது கூடக் கூட இன்னும் தாமதமாகும். கொலாஜன் அதைவிட மெதுவானது, புதிதாக உருவாகிச் சீராக அடுக்கப்பட மாதங்கள் வேண்டும். ஆகவே முதல் இரண்டு வாரத்தில் முகம் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது என்று சிலர் சொல்வது உண்டு, அது பெரும்பாலும் ரத்த ஓட்டத்தால் வரும் தற்காலிகப் பொலிவு. உண்மையான மாற்றத்துக்கு 8 வாரத்துக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஜெர்மனியில் 2014இல் வெளியான ஆய்வில் வாரத்துக்கு இரண்டு தடவை வீதம் 30 தடவை ஒளி கொடுத்த பிறகுதான் இறுதியாக அளந்தார்கள். கணக்குப் பார்த்தால் 15 வாரம்.

இடையில் ஊருக்குப் போனதாலோ உடம்பு சரியில்லாததாலோ ஒரு வாரம் விட்டுப்போனால், திரும்பி வந்து இரட்டிப்பாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து வழக்கம் போலத் தொடருங்கள், அவ்வளவுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது பலருக்கு நினைவில் வைத்துக்கொள்ள எளிது, நான் பொதுவாக அதைத்தான் சொல்வேன்.

போடும் விதத்தில் சில விஷயங்கள் நிமிடக் கணக்கையே மாற்றிவிடும். முகத்தைக் கழுவித் துடைத்து, ஈரம் போன பிறகு மாஸ்க் போடுங்கள். மேக்கப் எதுவும் இருக்கக் கூடாது, முக்கியமாக சன்ஸ்கிரீன் இருக்கவே கூடாது. ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் ஒளியைச் சிதறடிப்பவை, அதன் மேல் மாஸ்க் போட்டால் நீங்கள் கணக்குப் போட்ட 18 ஜூல் தோலுக்குப் போகாது. சீரம், மாய்ஸ்சரைசர் எல்லாம் மாஸ்க்கைக் கழற்றிய பிறகு. ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைப் பூச்சு) பயன்படுத்துபவர்களும் அப்படியே, மாஸ்க் முதலில், ரெட்டினால் பிறகு. ரெட்டினால் புதிதாகத் தொடங்கித் தோல் உரிந்துகொண்டிருக்கும் நாட்களில் மாஸ்க்கை வேறு நாளைக்குத் தள்ளிவையுங்கள்.

அப்புறம் மாஸ்க் முகத்தில் உட்காரும் விதம். கண்ணாடி முன் நின்று போட்டுப் பாருங்கள். கெட்டியான மாஸ்க் என்றால் பெரும்பாலும் நெற்றியிலும் மூக்கின் மேலும் தொட்டுக்கொண்டு, தாடையருகே ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகி நிற்கும். விலகிய இடத்துக்கு ஒளி குறைவாகத்தான் போகும். தாடைத் தொய்வுக்காக வாங்கியவர்களுக்கு அதே இடத்தில்தான் ஒளி குறைகிறது என்றால் எப்படிப் பலன் வரும்? பட்டையை இறுக்கிப் பாருங்கள், படுத்துக்கொண்டு போட்டால் மாஸ்க் தன் எடையிலேயே முகத்தில் நன்றாகப் படியும். சிலிக்கான் மாஸ்க்கில் இந்தத் தொல்லை குறைவு.

அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால் அந்த முறையைப் போட்டதும் சில பல்புகள் எரியவே இல்லை என்று தோன்றும், பழுது என்று நினைத்து விடுவார்கள். மொபைல் கேமராவை, குறிப்பாக முன்பக்கக் கேமராவை, அந்தப் பல்புகளுக்கு நேராகக் காட்டுங்கள். பல கேமராக்களில் மங்கலான ஊதா வெளிச்சம் தெரியும். சில கேமராக்கள் அகச்சிவப்பை வடிகட்டிவிடும் என்பதால், தெரியாவிட்டால் இன்னொரு மொபைலிலும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

கண் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலர் "கண்ணை மூடிக்கொண்டால் போதாதா" என்று கேட்கிறார்கள். மாஸ்க்கை எரியவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், எல்லாம் செக்கச்செவேல் என்று தெரியும். இமை வழியாக ஒளி உள்ளே போவதால்தான் அப்படித் தெரிகிறது. 2019இல் நியூட்ரஜீனா நிறுவனம் பருவுக்கான தன் ஒளி மாஸ்க்கைச் சந்தையிலிருந்து தானாகவே திரும்பப் பெற்றது. விழித்திரை நோய் உள்ள சிலருக்கும், கண்ணின் ஒளி உணர்வைக் கூட்டும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கண் பாதிப்பு வரும் சாத்தியம் உண்டு என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். ஆரோக்கியமான கண்ணுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் வாரத்துக்கு ஐந்து தடவை, மாதக்கணக்கில், முகத்துக்கு ஒட்டியபடி எரியும் விளக்கு இது. மாஸ்க்கோடு வரும் கண் மறைப்பைத் தவறாமல் போடுங்கள். விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள், சமீபத்தில் கண் அறுவை செய்துகொண்டவர்கள் கண் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். நீல ஒளி போடுபவர்கள் தூங்கப் போகும் நேரத்தில் போடாமல் இருப்பது நல்லது, தூக்கம் கெடும்.

மருந்து சாப்பிடுபவர்களும் ஒரு தடவை நிதானிக்க வேண்டும். பருவுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயாசைடு, இதயத் துடிப்புக்கான அமியோடரோன் இவையெல்லாம் ஒளிக்கான கூச்சத்தைக் கூட்டக்கூடியவை. நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரைக் காட்டி மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டால் இரண்டு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். லூபஸ் என்ற நோயெதிர்ப்புக் கோளாறு உள்ளவர்கள், வெளிச்சம் பட்டால் வலிப்போ ஒற்றைத் தலைவலியோ வருபவர்கள், தோல் புற்றுநோய் வந்தவர்கள் மருத்துவர் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. போர்ஃபைரியா என்ற நோய் உள்ளவர்களுக்கு இது அறவே கூடாது. பாக்டீரியாவைக் கொல்வதாகச் சொன்னேனே, அதே பார்ஃபைரின் அவர்களுடைய உடம்பிலேயே தேங்கியிருக்கிறது. கர்ப்ப காலத்தில் தீங்கு என்று நிரூபணம் இல்லை, ஆனால் பாதுகாப்பு என்று சொல்லப் போதுமான ஆய்வும் இல்லை. சில மாதம் தள்ளிப் போடுவதில் எந்த நஷ்டமும் கிடையாது.

அளவு கூடிவிட்டது என்று எப்படித் தெரியும்? கழற்றியதும் லேசாகச் சிவந்து அரை மணி நேரத்தில் தணிந்தால் பரவாயில்லை. சில மணி நேரம் கழித்தும் சிவப்பு நிற்கிறது, முகம் இழுத்துப் பிடிக்கிறது, அரிக்கிறது, தலை வலிக்கிறது, கண் கூசுகிறது என்றால் தோலோ கண்ணோ போதும் என்கிறது என்று அர்த்தம். முழுவதும் தணியும் வரை நிறுத்துங்கள். பிறகு பாதி நேரத்தில், வாரத்துக்கு இரண்டு நாளாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். மாஸ்க் இளஞ்சூடாக இருக்கலாம், சுடக் கூடாது. சுட்டால் அது நிமிடத்தைக் குறைத்துச் சரிசெய்யும் விஷயம் இல்லை, கருவியில் கோளாறு.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை பல்பு என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பார்க்காதீர்கள். அலைநீளம் நானோமீட்டரில் இருக்கிறதா, செறிவு மில்லிவாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சொல்லாத மாஸ்க்கில் எந்த நிமிடக் கணக்கும் அந்தரத்தில் தொங்குவதுதான். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பெயரைப் போட்டிருந்தால், பெரும்பாலான மாஸ்க்குகளுக்குக் கிடைத்திருப்பது ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு நிகரானது என்ற அனுமதி. புது மருந்துக்குக் கொடுக்கும் ஒப்புதல் போல முழுமையாகச் சோதித்துக் கொடுத்தது இல்லை அது. இருந்தால் நல்லது, இருப்பதால் மட்டும் பலன் உறுதி என்று ஆகிவிடாது.

உங்களுக்கு நான் சொல்லும் திட்டம் இது. முதல் இரண்டு வாரம் சிவப்பு மட்டும், 5 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். தோல் ஏற்றுக்கொண்டால் மூன்றாவது வாரத்திலிருந்து முழு 10 நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தொடங்கும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்: அதே ஜன்னல், அதே நேரம், மேக்கப் இல்லாமல், நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நான்கு வாரத்துக்கு ஒரு முறை அதே மாதிரி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தினமும் கண்ணாடியில் தேடினால் ஒன்றும் தெரியாது. பகலில் நிறமூட்டிய சன்ஸ்கிரீன் போடுங்கள், அதில் உள்ள அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும், மங்குவுக்கு அதுதான் தேவை. 12 வாரம் ஒழுங்காகப் போட்டும் படங்களில் வித்தியாசம் எதுவும் இல்லையென்றால் நேரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டாம். மாஸ்க்கை நிறுத்திவிட்டு, ரெட்டினாய்டு (ரெட்டினால் சேர்ந்த மருந்து வகை) உங்களுக்கு ஒத்துவருமா என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள், சுருக்கத்துக்கு எல்இடியைவிட அதற்குத்தான் நீண்டகால ஆதாரம் அதிகம்.